நரம்புச்சிதைவு நோய் ஆய்வில் போஸ்ட்டாக்: சுண்டெலியா, செல்லா, மூளைத் திசுவா, தரவா?

பிஎச்டி முடிக்கும் தறுவாயில், போஸ்ட்டாக் என்னும் அடுத்த கட்டத் தற்காலிக ஆய்வுப் பணியைத் தேடுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "அல்சைமர் லேப் ஒன்றிலும் பார்க்கின்சன் லேப் ஒன்றிலும் இடம் கிடைத்திருக்கிறது. எதில் சேரலாம்?" இதற்கு நேரடியாகப் பதில் சொல்ல எனக்கு வராது. அடுத்த மூன்று நான்கு ஆண்டுகள் உங்களுக்கு எப்படிப் போகும் என்பது நோயின் பெயரைவிட, அந்த லேப் நோயை எதில் வைத்துப் பார்க்கிறது என்பதைப் பொறுத்தே அமைகிறது. சுண்டெலியிலா, தட்டில் வளரும் நியூரானிலா, இறந்தவர் தானமாகத் தந்த மூளையிலா, ஏற்கெனவே சேர்த்து வைத்த தரவிலா?

நோய்விட்டு நோய் தாவுவது இந்தத் துறையில் பெரிய காரியமில்லை. மூளைச் செல்களில் திரளும் டாவ் புரதம் அல்சைமரிலும் உண்டு, பிக் நோய் என்ற அரிய டிமென்ஷியாவிலும் உண்டு. டிடிபி-43 புரதம் 2006இல் ஏஎல்எஸ் (தசைகளை இயக்கும் நரம்புகள் சாகும் நோய்) நோயாளிகளின் திசுவிலும், மூளையின் முன், பக்கப் பகுதிகளைச் சிதைக்கும் ஃப்ரன்டோடெம்போரல் டிமென்ஷியா நோயாளிகளின் மூளையிலும் ஒருசேர அடையாளம் காணப்பட்டது. வயது முதிர்ந்த அல்சைமர் நோயாளிகள் பலரிடமும் அது இருப்பது பிறகு தெரிந்தது. 2011இல் கண்டறியப்பட்ட சி9ஓஆர்எஃப்72 மரபணுக் கோளாறால் ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு ஏஎல்எஸ், இன்னொருவருக்கு டிமென்ஷியா என்று வரலாம். ஆகவே அல்சைமரில் பழகியவர் ஒரு மாதம் உட்கார்ந்து படித்தால் ஏஎல்எஸ் கூட்டத்தில் பேசிவிடலாம். எலி வேலையிலிருந்து கணினி வேலைக்கு மாறுவது அப்படி நடக்காது. அதற்கு ஆண்டுகள் பிடிக்கும். அதனால்தான் நான்கு வழிகளையும் ஒப்பிடுகிறேன், நோய்களை அல்ல.

## முதலில் அளவுகோல்கள்

காலம். போஸ்ட்டாக் வேலையில் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் கழுத்தைப் பிடிக்கும். வேலை ஒப்பந்தம் பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான் போடுவார்கள், பிறகு புதுப்பிப்பார்கள். அதற்கு மேல் உதவித்தொகைகளின் காலக்கெடு தனியாக ஓடுகிறது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் கே99 உதவித்தொகைக்கு, போஸ்ட்டாக் அனுபவம் நான்கு ஆண்டுகளைத் தாண்டியிருக்கக் கூடாது என்பது நெடுநாள் விதி. ஐரோப்பாவின் மேரி கியூரி போஸ்ட்டாக் உதவித்தொகை பிஎச்டிக்குப் பிறகு எட்டு ஆண்டு ஆராய்ச்சி அனுபவம் வரை ஏற்கிறது. ஆனால் முந்தைய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் நீங்கள் சேரப்போகும் அதே நாட்டில் வசித்திருந்தால் கதவு மூடிவிடும். "முதலில் போய்ச் சேர்வோம், பிறகு விண்ணப்பிப்போம்" என்று இருப்பவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

மனித நோயோடு நெருக்கம். நீங்கள் பார்ப்பது நோயையா, நோயின் ஒரு துண்டையா, நோய் போலத் தெரியும் வேறொன்றையா?

எதிர்பார்த்தது வராவிட்டால். "விளைவு எதுவும் இல்லை" என்று முடிந்தால் அதைக் கட்டுரையாக்க முடியுமா, அல்லது இரண்டு ஆண்டு நோட்டுப்புத்தகத்தோடு நின்றுவிடுமா?

கையோடு எடுத்துப் போவது. லேப்பை விட்டு வெளியேறும்போது எந்தத் திறமையும் எந்தக் கேள்வியும் உங்களோடு வரும்?

வாரக்கடைசி. இதை நேர்காணலில் யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும்.

சம்பளத்தை நான் இதில் சேர்க்கவில்லை. அதை நிறுவனத்தின் அளவுகோலோ உதவித்தொகை விதியோ முடிவு செய்கிறது. எலி லேப், செல் லேப் என்று பார்த்து மாறுவதில்லை.

| | சுண்டெலி | ஐபிஎஸ் செல் (தட்டில் வளரும் நியூரான்) | மூளைத் திசு | தரவு |
|---|---|---|---|---|
| முதல் உருப்படியான விடை (என் கணிப்பு) | ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு | செல் வரிசைகள் தயாராக இருந்தால் 6 முதல் 9 மாதம் | மாதிரி கைக்கு வந்தபின் ஓராண்டு | 3 முதல் 6 மாதம் |
| மனித நோயோடு நெருக்கம் | முழு உடல், ஆனால் வேறு விலங்கு | மனித மரபணு, ஆனால் வயதற்ற செல் | நோயேதான், ஆனால் கடைசிக் கட்டம் | மனிதர்கள், ஆனால் தொடர்புகள் மட்டும் |
| எதிர்மறை முடிவு | வெளியிடக் கடினம் | ஓரளவு முடியும் | பெரும்பாலும் முடியும் | முடியும், கவனிக்கப்படாமல் போகலாம் |
| வாரக்கடைசி | சோதனை நாட்களில் போகும் | அடிக்கடி போகும் | உங்களுடையது | உங்களுடையது |

## சுண்டெலி ஆய்வகம்

அல்சைமருக்கு அதிகம் புழங்கும் எலி 5எக்ஸ்எஃப்ஏடி. மனிதக் குடும்பங்களில் கண்ட ஐந்து மரபணு மாற்றங்களை ஒன்றாக ஏற்றி 2006இல் வெளிவந்தது. இரண்டு மாத வயதிலேயே அமிலாய்டு (அல்சைமர் மூளையில் சேரும் புரதம்) படிய ஆரம்பித்துவிடும். அதற்குப் பத்தாண்டு முன்பு வந்த டிஜி2576 எலியில் படிவுகளைப் பார்க்க ஒன்பது மாதமாவது காத்திருக்க வேண்டும். 'வேகமான எலி' என்றால் இவ்வளவுதான் வேகம்.

ஆனால் நேரத்தைத் தின்பது நோய் வளரும் காலத்தைவிட இனச்சேர்க்கைதான். ஓர் எடுத்துக்காட்டு. மூளையின் நோய் எதிர்ப்புச் செல்களான மைக்ரோகிளியாவில் ஒரு மரபணுவை நீக்கினால் அமிலாய்டு படிவுகள் என்ன ஆகும் என்று பார்க்க விரும்புகிறீர்கள். நீக்க வேண்டிய மரபணுவின் இரண்டு பிரதிகளும் குறியிடப்பட்ட எலி, குறியிட்ட பகுதியை வெட்டி எடுக்கும் க்ரே நொதியைச் சுமக்கும் எலி, 5எக்ஸ்எஃப்ஏடி எலி ஆகிய மூன்றையும் ஓர் உடலில் கொண்டுவர வேண்டும். கர்ப்பம் மூன்று வாரம், பால் மறக்க மூன்று வாரம், இனச்சேர்க்கை வயதுக்கு வர மேலும் சில வாரம் என்று ஒரு தலைமுறைக்கு ஏறத்தாழ மூன்று மாதம் ஆகிவிடும். பெற்றோரைச் சரியாகத் தயாரிக்கவே இரண்டு தலைமுறை போய்விடும். கடைசிச் சேர்க்கையில், பெற்றோரில் ஒன்று க்ரேயும் மற்றொன்று 5எக்ஸ்எஃப்ஏடியும் தரும் என்று வைத்துக்கொண்டால், நீங்கள் கேட்கும் மரபணு அமைப்பு நான்கில் ஒரு குட்டிக்குத்தான் வரும். 5எக்ஸ்எஃப்ஏடியில் பெண் எலிகளுக்கு நோய் கடுமை அதிகம், எனவே ஆண் பெண்ணைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். அப்போது எட்டில் ஒன்று. ஓர் ஈற்றில் ஆறு முதல் எட்டுக் குட்டி என்றால், ஈற்றுக்கு ஓர் எலி! அதன்பின் ஆறு மாதம் வளர விட்டு, மூளையைச் சீவி, நிறமேற்றி, எண்ணி முடிக்கும்போது இரண்டாம் ஆண்டு முடிந்திருக்கும். இதெல்லாம் விலங்கு நெறிக்குழுவின் அனுமதி கைக்கு வந்த நாளிலிருந்து போடும் கணக்கு. அனுமதிக்குக் காத்திருக்கும் மாதங்கள் தனி.

மறைந்திருக்கும் செலவுகள் இன்னும் உண்டு. எலியின் சொந்த அமிலாய்டு-பீட்டா, மனிதருடையதிலிருந்து மூன்று அமினோ அமிலங்களில் வேறுபடும். அதனால்தான் மனித மரபணுவை ஏற்ற வேண்டியிருக்கிறது. அப்படி ஏற்றிய எலிகளிலும் டாவ் முடிச்சுகள் வருவதில்லை, பெரும்பாலானவற்றில் நியூரான்கள் பெரிதாகச் சாவதுமில்லை. நடத்தைச் சோதனைகள் இன்னொரு தலைவலி. 5எக்ஸ்எஃப்ஏடி எலிகளின் பழைய கலப்பு இனத்தில் விழித்திரையைச் சிதைக்கும் ஒரு மரபணு மாற்றமும் சேர்ந்து ஓடுகிறது. அதைப் பரிசோதித்து விலக்காவிட்டால், நினைவைச் சோதிக்கும் நீர்ப்புதிர் தொட்டியில் மேடையைத் தேடி அலையும் எலி நினைவிழந்ததா குருடா என்று சொல்லவே முடியாது.

ஏஎல்எஸ் துறையில் இதைவிடப் பெரிய பாடம் இருக்கிறது. ஏஎல்எஸ் தரும் எஸ்ஓடி1 மரபணு மாற்றம் ஏற்றிய எலிகளில் ஆயுளை நீட்டியதாகச் சொல்லப்பட்டவை உட்பட எழுபதுக்கும் மேற்பட்ட மருந்துகளை, ஏஎல்எஸ் சிகிச்சை மேம்பாட்டு நிறுவனம் அதே எலிகளில் கடுமையான முறையில் சோதித்து 2008இல் முடிவுகளை வெளியிட்டது. ஒன்றுமே தேறவில்லை. குறைவான எண்ணிக்கை, ஒரே ஈற்றுக் குட்டிகள் ஒரே குழுவில் சேர்வது, ஏற்றிய மரபணுவின் பிரதிகள் தலைமுறை போகப்போகக் குறைவது இவையெல்லாம் சேர்ந்து பழைய நல்ல செய்திகளை உருவாக்கியிருக்கலாம் என்று அவர்கள் காட்டினார்கள். அதற்காக எலியே வீண் என்று சொல்லிவிடவும் முடியாது. 2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டோஃபெர்சென் மருந்து எஸ்ஓடி1 மரபணுவைக் குறிவைப்பது. அந்த வழி பலிக்கும் என்ற நம்பிக்கை எஸ்ஓடி1 மாற்றம் ஏற்றிய எலிகளிலிருந்துதான் வந்தது. "இந்த மரபணுவை அடக்கினால் என்ன ஆகும்" என்ற குறுகிய கேள்விக்கு எலி நேர்மையாகப் பதில் சொல்கிறது. "இந்த மருந்து அல்சைமரைக் குணப்படுத்துமா" என்று கேட்டால் தடுமாறுகிறது.

எப்போது இது நல்ல தேர்வு? தூக்கம், இரத்த ஓட்டம், நோய் எதிர்ப்பு, மூளைச் சுற்றுகள் என்று முழு உடல் இல்லாமல் கேட்கவே முடியாத கேள்விகள் உங்களுடையவை என்றால். மூன்று ஆண்டுக்கான சொந்த உதவித்தொகை கையில் இருந்தால். எல்லாவற்றுக்கும் மேலாக, வயதேறிய எலிக்கூட்டம் ஒன்று அந்த லேப்பில் ஏற்கெனவே வளர்ந்துகொண்டிருந்தால். வேறொருவர் தொடங்கிவிட்டுப் போன கூட்டம் உங்களுக்கு ஓராண்டை மிச்சப்படுத்தும். அதிலிருந்து வரும் கட்டுரையில் முதல் பெயர் யாருக்கு என்பதை மட்டும் சேரும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

## ஐபிஎஸ் செல்லிலிருந்து நியூரான்

முதிர்ந்த செல்லை ஐபிஎஸ் என்னும் தண்டுசெல்லாகத் திருப்பும் முறையை ஜப்பானின் யமனாகா குழு 2006இல் எலியிலும் 2007இல் மனிதரிலும் காட்டியது. இன்று நோயாளியின் தோல் அல்லது இரத்தத்திலிருந்து நியூரான் செய்வது சமையல்குறிப்பு அளவுக்கு வந்துவிட்டது. என்ஜிஎன்2 என்ற ஒரே மரபணுவைத் தூண்டினால் இரண்டு மூன்று வாரத்தில் நியூரான் தயார். எலியில் இரண்டு ஆண்டு எடுக்கும் கேள்வியை இங்கே ஒரு பருவத்துக்குள் மூன்று முறை கேட்டுவிடலாம். அந்த வேகம்தான் இதன் பலம்.

பலவீனம், செல்லுக்கு வயதில்லை. திருப்பி எழுதும்போது முதுமையின் தடயங்கள் பெரும்பாலும் அழிந்துவிடுகின்றன. எழுபது வயதுக்காரரின் தோலிலிருந்து செய்த நியூரானும் கருவில் இருக்கும் நியூரானைத்தான் ஒத்திருக்கிறது. டாவ் ஆய்வில் இது பட்டவர்த்தனமாகத் தெரியும். முதிர்ந்த மனித மூளையில் டாவ் ஆறு வடிவங்களில் இருக்கிறது. தட்டில் வளரும் நியூரானோ பெரும்பாலும் கருவில் காணும் அந்த ஒற்றை வடிவத்தையே செய்துகொண்டிருக்கும். முதுமையால் வரும் நோயை முதுமையே இல்லாத செல்லில் தேடுகிறோம் என்று விமரிசகர்கள் கேட்டால், பதில் தயாராக வைத்திருக்க வேண்டும். தோல் செல்லைத் தண்டுசெல் நிலைக்குக் கொண்டுபோகாமல் நேரே நியூரானாக மாற்றினால் வயதின் அடையாளம் தங்குகிறது. ஆனால் அந்தச் செல்கள் பெருகாது, கிடைப்பது கொஞ்சம்தான்.

அன்றாட வேலை எப்படி இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தண்டுசெல் நிலையில் இருக்கும்போது கிட்டத்தட்ட தினமும் மீடியம் (செல் வளரும் ஊட்டத் திரவம்) மாற்ற வேண்டும். ஞாயிறு, பண்டிகை என்ற பாகுபாடெல்லாம் அதற்குத் தெரியாது. நியூரானான பிறகு வேலை குறையும், பயம் கூடும். ஐந்தாறு வாரம் பொத்திப் பொத்தி வளர்த்த தட்டில், பைப்பெட்டைக் கொஞ்சம் வேகமாக அழுத்தினால் போதும், ஓரத்திலிருந்து நியூரான் படலம் உரிந்து, சுருண்டு, நடுவில் ஒரு வெள்ளை உருண்டையாகத் திரண்டுவிடும். தட்டின் அந்தக் குழி இனிக் கணக்கில் இல்லை. வளர்க்க வளர்க்க 20ஆம் குரோமோசோமின் ஒரு பகுதி இரட்டிப்பாவது அடிக்கடி நடப்பது. அப்படி ஆன செல்கள் மற்றவற்றைவிட நன்றாகப் பிழைக்கும், அதனால் கண்ணுக்கு "ஆரோக்கியமாக" வேறு தெரியும். முறையாகச் சோதிக்காத லேப்பில் சேர்ந்தால், நோய் வேறுபாடு என்று எழுதியது குரோமோசோம் வேறுபாடாகப் போய்விடும்.

இன்னொரு மறைமுகச் செலவு ஒப்பீட்டுச் செல். இரண்டு வெவ்வேறு மனிதர்களின் செல்களை ஒப்பிட்டால் நோயைவிட ஆள் வேறுபாடுதான் பெரிதாகத் தெரியும். ஆகவே அதே செல்லில் அந்த ஒரு மாற்றத்தை மட்டும் கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்தக் கருவி மூலம் திருத்திய ஜோடி வேண்டும். அதைச் செய்து, சோதித்து முடிக்கச் சில மாதங்கள் ஆகும். கேஓஎல்எஃப்2.1ஜே போன்ற பொதுவான செல் வரிசையில் ஏற்கெனவே திருத்திய தொகுப்புகள் இப்போது கிடைக்கின்றன. அவற்றை வாங்கிப் பயன்படுத்தும் லேப் என்றால் அந்த மாதங்கள் மிச்சம்.

எப்போது இது நல்ல தேர்வு? எல்ஆர்ஆர்கே2 (பார்க்கின்சன்), எஸ்ஓடி1, சி9ஓஆர்எஃப்72, ஹண்டிங்டன் என்று ஒரு மரபணுவே காரணமாக நிற்கும் நோய் வடிவங்களில் இதற்கு இணை கிடையாது. மரபணு தெளிவில்லாமல் முதுமையில் வரும் அல்சைமரில் கை நடுங்கும். கல்வித்துறையா மருந்து நிறுவனமா என்று முடிவெடுக்காதவர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான். செல் வளர்ப்பு, கிரிஸ்பர், நுண்ணோக்கிப் படப் பகுப்பாய்வு மூன்றும் இரண்டு பக்கமும் செல்லுபடியாகும்.

## மனித மூளைத் திசு

2017இல் இத்துறையைத் திரும்பிப் பார்க்க வைத்த ஒரு முடிவு கேம்பிரிட்ஜ் மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்திலிருந்து வந்தது. இறந்த அல்சைமர் நோயாளியின் மூளையிலிருந்து எடுத்த டாவ் இழைகளின் வடிவத்தைக் கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அணு அளவுக்குக் காட்டினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் பிக் நோயில் டாவ் வேறு விதமாக மடிந்திருப்பதும், தலையில் அடி வாங்கிய விளையாட்டு வீரர்களின் மூளையில் இன்னொரு விதமாக மடிந்திருப்பதும் தெரிந்தது. பல ஆண்டுகளாக எல்லோரும் சோதனைக் குழாயில் ஹெப்பாரின் என்ற வேதிப்பொருளைச் சேர்த்துச் செய்துவந்த டாவ் இழைகளோ இவை எதையும் ஒத்திருக்கவில்லை. திசுவைப் பார்க்காமல் இதை யாரும் சொல்லியிருக்க முடியாது.

நோயேதான் கையில் இருக்கிறது, ஆனால் அதன் கடைசிப் பக்கம் மட்டும். எது முதலில் நடந்தது, எது பின்விளைவு என்பதைத் திசு சொல்லாது. கூடவே வரும் தாளில் "பெண், வயது 84, ப்ராக் நிலை 6, இறப்புக்கும் சேகரிப்புக்கும் இடையே 7 மணி நேரம்" என்பது போல இருக்கும் (ப்ராக் நிலை என்பது டாவ் மூளையில் எவ்வளவு பரவியது என்பதன் அளவு). அந்த ஏழு மணி நேரத்தில் ஆர்என்ஏ எவ்வளவு சிதைந்தது, கடைசி நாட்களில் காய்ச்சல் இருந்ததா, அல்சைமரோடு பார்க்கின்சனில் காணும் லூயி உருண்டைகளும் இருந்தனவா என்பதெல்லாம் உங்கள் முடிவைத் திருப்பிப் போடும். முதியவர்களின் மூளையில் ஒரே ஒரு நோய் தனியாக இருப்பது அரிது.

மூளை வங்கியின் அனுமதிக்கு மாதக்கணக்கில் ஆகலாம். வரும் துண்டு சின்னது, தவறினால் இன்னொன்று கேட்க முடியாது. ஆனால் ஒவ்வொரு மாதிரியும் அரிது என்பதாலேயே, "வேறுபாடு இல்லை" என்ற முடிவையும் இதழ்கள் மதிக்கின்றன. 2019இல் 48 பேரின் மூளையிலிருந்து 80,660 செல் உட்கருக்களைத் தனித்தனியாகப் படித்த ஆய்வு வந்ததிலிருந்து, இந்தப் பக்கம் இளைஞர் கூட்டம் அதிகம்.

எப்போது இது நல்ல தேர்வு? மருத்துவம் படித்துவிட்டு ஆய்வுக்கு வருபவர்களுக்கு. மூளை வங்கி அதே வளாகத்தில் இருந்தால். வங்கி வேறு நாட்டில் இருந்து, லேப்புக்கு அங்கே பழைய உறவும் இல்லையென்றால், முதல் ஆண்டு விண்ணப்பம் எழுதுவதிலேயே போகும்.

## தரவு மட்டும்

2004இல் தொடங்கிய அல்சைமர் மூளைப் படத் திட்டமான ஏடிஎன்ஐ, பிரிட்டனில் ஐந்து லட்சம் பேரின் உடல்நலத் தரவைக் கொண்ட யுகே பயோபேங்க் என்று அனுமதி பெற்றால் திறக்கும் களஞ்சியங்கள் நிறைய. சேர்ந்த மூன்றாம் மாதம் ஒரு படம் வரைந்து காட்டிவிடலாம். எங்கிருந்தும் வேலை பார்க்கலாம், கைக்குழந்தை உள்ளவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

ஆனால் அதே தரவு உலகம் முழுக்க எல்லோரிடமும் இருக்கிறது. நீங்கள் யோசித்த பகுப்பாய்வை இன்னொருவர், இதழில் வரும் முன்பே கட்டுரைகளை வெளியிடும் முன்னச்சுத் தளத்தில் போட்டுவிட்டார் என்று காலையில் தெரியவரும். யுகே பயோபேங்கில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினர் என்பதால் முடிவை எல்லா மக்களுக்கும் நீட்ட முடியாது. 2022இன் பெரிய அல்சைமர் மரபணு ஆய்வு, நோயோடு தொடர்புள்ள 75 இடங்களை மரபணுத்தொகுதியில் காட்டியது. அவற்றில் பலவற்றில் எந்த மரபணு, எந்தச் செல்லில், என்ன செய்கிறது என்று யாராவது ஆய்வகத்தில் ஈரக் கையோடு சோதித்துப் பார்த்தாக வேண்டும். அந்த யாரோ உங்கள் லேப்பில் இல்லையென்றால் கட்டுரை பாதியில் நிற்கும்.

இன்னொரு பள்ளம்: ஆய்வாளராகச் சேர்ந்து லேப்பின் கணக்கராக ஆகிவிடுவது. பத்துக் கட்டுரைகளில் நடுப்பெயர் இருக்கும், முதல் பெயரில் ஒன்றும் இருக்காது.

எப்போது இது நல்ல தேர்வு? புள்ளியியலோ நிரலாக்கமோ ஏற்கெனவே கைவந்தவர்களுக்கு. இந்த நோய்த்துறையில் நிலைப்போமா என்று தெரியாதவர்களுக்கும். கற்றது புற்றுநோய்க்கும் பயன்படும்.

## என்னைக் கேட்டால்

சொந்த உதவித்தொகை இல்லாமல் ஓராண்டு ஒப்பந்தத்தில் போகிறவர், வயதேறிய கூட்டம் இல்லாத எலி லேப்பை நம்பிப் போக வேண்டாம். அந்த லேப் எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும் இதுதான் என் பதில். எலிதான் வேண்டும் என்றால், முதல் நாளிலிருந்தே பக்கத்தில் ஒரு வேகமான வேலை வேண்டும். உங்கள் மரபணு மனிதத் திசுவில் எப்படி நடந்துகொள்கிறது என்று வெளியான தரவில் பார்க்கலாம். எலிகள் வளரும் ஆறு மாதத்தில் அதை முடித்துவிடலாம், பிறகு இரண்டும் ஒரே கட்டுரையில் சேரும். பல நல்ல கட்டுரைகள் இப்படித்தான் உருவாகின்றன. மெதுவான சோதனையை மட்டும் நம்பியிருப்பவர்கள்தான் மூன்றாம் ஆண்டில் தூக்கம் இழக்கிறார்கள்.

லேப்பைப் பார்க்கப் போகும்போது தலைவரிடம் பேசுவதைவிட, இன்னும் சில மாதத்தில் வெளியேறப்போகும் போஸ்ட்டாக்கிடம் தனியாகப் பேசுங்கள். முதல் கட்டுரை வர எவ்வளவு காலம் ஆயிற்று? வாரக்கடைசியில் செல்லுக்கு யார் மீடியம் மாற்றுகிறார்கள், முறை போட்டுப் பிரித்துக்கொள்கிறார்களா? எதிர்பார்ப்புக்கு மாறான முடிவைக் குழுக் கூட்டத்தில் காட்டினால் என்ன நடக்கும்? மூலப் படங்கள் எங்கே சேமிக்கப்படுகின்றன, யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாமா? கடைசிக் கேள்வி சம்பிரதாயமானது என்று நினைக்க வேண்டாம். 2006இல் நேச்சரில் வந்து, அமிலாய்டு துறையில் ஆயிரக்கணக்கான முறை மேற்கோள் காட்டப்பட்ட ஒரு கட்டுரை, படங்களில் கைவைத்திருப்பது தெரிந்து 2024இல் திரும்பப் பெறப்பட்டது. அதை நம்பித் தங்கள் சோதனைகளைக் கட்டியவர்களில் போஸ்ட்டாக்குகளும் உண்டு.

தலைவரிடம் கேட்க ஒன்றை மட்டும் மிச்சம் வையுங்கள்: "நான் போகும்போது இந்தக் கேள்வியின் எந்தப் பகுதியை என்னோடு எடுத்துப் போகலாம்? எலி, செல் வரிசை, தரவு, இதில் எது வரும்?" நேர்காணலிலேயே தெளிவான பதில் சொல்பவர்கள் இருக்கிறார்கள். "அதையெல்லாம் அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்தால், அந்தக் கேள்வி லேப்பிலேயே தங்கிவிடும் என்று வைத்துக்கொண்டு உங்கள் கணக்கைப் போடுங்கள்.